கருப்பன் சமையல்காரியைச் சுட்டுவிட்டான்: பயோடெக்கில் மெக்குகள் எதிரியாவது ஏன்?

இரவுக்காவல்:
வணக்கம். ரிம்வேர்ல்டு என்ற காலனி அமைக்கும் கணினி விளையாட்டைப் பல வருடமாக ஆடுகிறேன். அதற்கு 2022 அக்டோபரில் வந்த கூடுதல் தொகுப்பான பயோடெக்கை இப்போதுதான் வாங்கினேன். என் காலனியில் ஒரு மெக்கானிட்டர் (மெக் என்ற ரோபோக்களைக் கட்டுப்படுத்துபவள்), அவளுடைய கட்டுப்படுத்தும் திறனைக் கூட்டும் ஆறு பேண்ட் நோட் கருவிகள், பன்னிரண்டு மெக்: ஐந்து மிலிட்டர் (சண்டைக்கு), மூன்று லிஃப்டர் (சுமை தூக்க), இரண்டு அக்ரிஹேண்ட் (வயலுக்கு), இரண்டு கன்ஸ்ட்ரக்டாய்ட் (கட்டுமானத்துக்கு). முதலில் செய்த மிலிட்டருக்குக் கருப்பன் என்று பெயர் வைத்து, சமையலறை வாசலிலேயே காவலுக்கு நிறுத்தியிருந்தேன்.

ராத்திரி கம்பியில் ஷார்ட் சர்க்யூட். பேட்டரியில் சேர்த்து வைத்திருந்த மின்சாரம் முழுக்க ஒரே நொடியில் போய், சேமிப்புக் கிடங்கு பற்றிக்கொண்டது. தீயை அணைப்பதும் காயத்துக்குக் கட்டுப் போடுவதுமாகவே நேரம் போனது. காற்றாலையும் சரியாகச் சுற்றவில்லை. மூன்றாம் நாள் காலை கருப்பன் சமையல்காரியைச் சுட்டான். பக்கத்தில் நின்ற இரண்டு மிலிட்டரும் சேர்ந்துகொண்டன. அடுப்புக்கு முன்னாலேயே இறந்துபோனாள். முதல் நாளிலிருந்து கூடவே இருந்தவள், மனசு ஆறவில்லை. மெக்கானிட்டர் ஒரு கீறல்கூட இல்லாமல் உயிரோடு இருக்கிறாள். அப்புறம் ஏன் இப்படி? இது கேமில் உள்ள பிழையா (பக்)?

உப்புக்காற்று:
பக் இல்லை. மெக்கானிட்டரின் உடலில் பொருத்தியிருக்கும் மெக்லிங்க் கருவி தானாகத் தருவது 6 பேண்ட்வித் மட்டும், அதாவது உங்கள் மெக்குகளில் ஆறைக் கட்டுப்படுத்தும் திறன். மீதி 6 உங்கள் பேண்ட் நோட்களிலிருந்து வந்தது, ஒன்றுக்கு ஒன்று வீதம். மின்சாரம் நின்றதும் நோட்கள் செத்துவிட்டன, ஆறு மெக்குகள் கட்டுப்பாட்டை இழந்துவிட்டன. அப்படி இழந்தவை உடனே எதிரியாகத் திரும்பாது. வேலை செய்யாமல் சும்மா நிற்கும். ஒரு நாள் கழிந்தபின் எப்போது வேண்டுமானாலும் எதிரியாகலாம். ஒன்று திரும்பினால் சுற்றி நிற்கும், கட்டுப்பாட்டில் இல்லாத மெக்குகளையும் இழுத்துக்கொள்ளும். மூன்று சேர்ந்து சுட்டது அதனால்தான்.

மின்சாரம் திரும்பி வந்தாலும் அவை தானாகச் சேராது. மெக்கானிட்டர் நேரில் போய் ஒவ்வொன்றையும் மறுபடி இணைக்க வேண்டும். உங்களுக்கு அதற்கு ஒரு நாள் முழுதாக இருந்தது. தீயின் நடுவே எச்சரிக்கையைக் கவனித்திருக்க மாட்டீர்கள்.

பழையகொல்லன்:
தம்பி, இதே அடி நானும் வாங்கியிருக்கிறேன். பேண்ட் நோட்களுக்குத் தனி மின்வழி போடுங்கள். இரண்டு பேட்டரியை நிரப்பி, சுவிட்ச் வைத்து, மெயின் கம்பியிலிருந்து துண்டித்து வையுங்கள். துண்டித்த பேட்டரியை ஷார்ட் சர்க்யூட் தொடாது. கரண்ட் போனால் சுவிட்சைத் தட்டினால் போதும்.

ஆனால் சூரியப் புயல் வந்தால் பேட்டரி இருந்தும் பயனில்லை, மின்சாதனம் எல்லாமே நின்றுவிடும். அதற்கு ஏர்வயர் ஹெட்செட் செய்து மெக்கானிட்டர் தலையில் மாட்டுங்கள். அது 3 பேண்ட்வித் தரும், மின்சாரமும் கேட்காது. ஆயுதமுள்ள மெக்குகளை ஆட்கள் புழங்கும் இடத்தில் நிறுத்தவே வேண்டாம், மதிலுக்கு வெளியே நிறுத்துங்கள். லிஃப்டர் திரும்பினால் சமாளிக்கலாம், மிலிட்டர் துப்பாக்கியோடு அல்லவா நிற்கிறது! ஒருவரிடமாவது இஎம்பி குண்டு (மின்காந்த அதிர்வால் இயந்திரங்களை முடக்குவது) இருக்கட்டும். முதல் வீச்சில் மெக் உறைந்து நிற்கும், அதற்குள் முடித்துவிட வேண்டும். கொஞ்ச நேரத்துக்கு அடுத்த வீச்சு வேலை செய்யாது.

இரவுக்காவல்:
அண்ணா, மிக்க நன்றி. ஷார்ட் சர்க்யூட்டுக்கு முந்தைய சேவ் இருக்கிறது, ஆனால் அதற்குத் திரும்பப் போகப் பிடிக்கவில்லை. அவளை வயலோரம் புதைத்துவிட்டேன். இப்போது நோட்களுக்குத் தனிக் கம்பி இழுக்கிறேன். ஒரு சந்தேகம்: மெக்கானிட்டரே இறந்துவிட்டால்?

பழையகொல்லன்:
அப்போது எந்த மெக்கையும் கட்டுப்படுத்த ஆள் கிடையாது. உடலை எரித்துவிடாதீர்கள். அதிலிருந்து மெக்லிங்கை எடுத்து வேறொருவருக்குப் பொருத்தலாம். யாருக்கு என்று இப்போதே முடிவு செய்து வையுங்கள்.