கூரை நீக்கிய மோரிஸ் மைனரில் கதவு உரசுகிறது: உதவி தேவை

வணக்கம். சுங்கை சிப்புட்டில், அப்பா எஸ்டேட்டில் வேலை செய்த காலத்தில் வாங்கிய 1962ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000, இரண்டு கதவு சலூன் காரைக் கன்வெர்ட்டிபிளாக மாற்றி வருகிறேன். தனிச் சட்டகம் இல்லாத இந்த வண்டியில் கூரையும் பாரம் தாங்குவதால், சென்ற மாதம் பட்டறையில் அதை அறுத்தெடுத்ததும் நடுப்பகுதி தொய்ந்து, கதவின் மேல்முனை பின்தூணில் உரசிப் பெயிண்ட் உதிர்கிறது. நடுவில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினால் கதவு சீராக அடைபடுகிறது. இறக்கினால் மீண்டும் உரசுகிறது. கீல்களைத் திருத்தியது பயன் தரவில்லை. கதவுக்குக் கீழுள்ள துருப்பிடித்த தகடுகளை மாற்றி, உட்புறமும் தகடு பற்றவைத்ததில் தொய்வு சற்றுக் குறைந்தது, அவ்வளவே. பிள்ளைகள் ஏறப்போகும் வண்டி என்பதால் அரைகுறை உறுதியோடு இதைச் சாலையில் இறக்க எனக்கு மனமில்லை.

தொழிற்சாலையிலேயே கன்வெர்ட்டிபிளாக வந்த மைனரில், டேஷ்போர்டின் இரு ஓரங்களிலும் கதவுத் தூண்களிலும் கூடுதல் வலுத்தகடுகள் உண்டு. அத்தகைய வண்டி வைத்திருப்பவர்கள், அத்தகடுகளின் தடிப்பையும் பற்றவைத்த இடங்களையும் அளந்து சொல்ல முடியுமா?