95-ல் ஸ்டியரிங் உதறல்: ஆக்சிலா, டயரா?

செங்கை_சாரதி:
முன்சக்கர டிரைவ் பெட்ரோல் ஹேட்ச்பேக், 165/80 ஆர்14 டயர். மணிக்கு 80 கி.மீ. வரை ஒரு தொந்தரவும் இல்லை. 85 தாண்டினால் ஸ்டியரிங் உதற ஆரம்பிக்கிறது, 95-ல் உச்சம், 110-ல் கொஞ்சம் அடங்குகிறது. அலைன்மென்ட், பேலன்சிங் இரண்டும் போன வாரம்தான் பார்த்தது, மெஷினில் நாலு சக்கரத்திலும் எடை வித்தியாசம் சைபர். ஒர்க்‌ஷாப்பில் இன்ஜின் விசையை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ஆக்சில் இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

கிரீஸ்கை:
பேலன்சிங் சைபர் என்றால் டயரை விட்டுவிடுங்கள். ஆக்சில் ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறை (பூட்) கிழிந்து கிரீஸ் வெளியேறி, மண் உள்ளே போய் உள்பக்க ஜாயின்ட் தேய்ந்த வண்டிகள் பட்டறைக்கு நிறைய வருகின்றன. பாதிப் பேர் அதற்குள் புது டயருக்குக் காசு கொட்டியிருப்பார்கள்.

டயர்பித்தன்:
அண்ணே, இதை ஒத்துக்கொள்ள முடியாது. பேலன்சிங் மெஷின் சக்கரத்தை அந்தரத்தில் சுற்றி எடை சமமா என்று மட்டும்தான் பார்க்கிறது. ரோட்டில் அதே டயர் மேல் இருநூறு முந்நூறு கிலோ உட்கார்ந்திருக்கிறது. டயரின் வட்டம் கெட்டிருந்தாலோ, குழியில் விழுந்து ரிம் நெளிந்திருந்தாலோ, வெயிட் ஒட்டி சைபர் காட்டிவிடலாம், உதறல் போகாது. அலைன்மென்ட்டுக்கு இதில் வேலையே இல்லை. அது கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும், அவ்வளவுதான்.

ஜாயின்ட் தேய்ந்தால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது உதறும், காலை எடுத்தால் அடங்கும். காலி ரோட்டில் 100 போய் நியூட்ரலுக்கு மாற்றிப் பாருங்கள். இன்ஜினை மட்டும் தயவுசெய்து அணைக்காதீர்கள், பவர் ஸ்டியரிங்கும் பிரேக்கின் உதவியும் போய்விடும்.

செங்கை_சாரதி:
பார்த்தேன். நியூட்ரலிலும் அதே உதறல். நாலாவது கியர், ஐந்தாவது கியர் எதில் போனாலும் 95-ல்தான் உச்சம். பிரேக் பிடித்தால் கூடவில்லை.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங்கைச் சந்தேகப்பட வேண்டாம். இந்த டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.95 மீட்டர், 100-ல் நொடிக்கு 14 சுற்று சுற்றும். இன்ஜின் 3000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 3000 சுற்று) நொடிக்கு 50 சுற்று. கியர் மாறி ஆர்பிஎம் மாறியும் உதறல் அதே வேகத்தில் நிற்கிறது என்றால் அது சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று. பிரேக்கில் கூடாததால் பிரேக் டிஸ்க் மீதும் சந்தேகம் குறைவு.

கிரீஸ்கை:
சக்கரத்தோடு சுற்றுவது டயர் மட்டும்தானா? ஆக்சிலும் அதே வேகத்தில்தான் சுற்றுகிறது, அதன் தண்டு (ஷாஃப்ட்) வளைந்திருந்தால் நியூட்ரலிலும் உதறும். சக்கரம் மாட்டும் ஹப் நெளிந்தாலும் அப்படித்தான். அவசரப்பட்டு டயர் வாங்க வைக்காதீர்கள்.

டயர்பித்தன்:
எதையும் வாங்கச் சொல்லவில்லையே, ஆக்சில் உட்பட. முன்சக்கரம் இரண்டையும் பின்னால் மாற்றிப் போடுங்கள். உதறல் ஸ்டியரிங்கை விட்டு சீட்டுக்குப் போனால் கோளாறு சக்கரத்தில். ஸ்டியரிங்கிலேயே நின்றால் அண்ணன் சொல்லும் ஹப், ஷாஃப்ட். அரை மணி நேர வேலை. மாட்டும்போது ஹப் முகத்தில் துரு, மண் இல்லாமல் துடைத்துவிட்டு நட்டுகளை எதிரெதிராக முடுக்குங்கள்.

செங்கை_சாரதி:
மாற்றியாயிற்று. ஸ்டியரிங் அடங்கிவிட்டது, இப்போது சீட் உதறுகிறது. அப்புறம் ஜாக்கி போட்டு, ஸ்குரூடிரைவர் முனையை டயருக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். இடது பக்கச் சக்கரத்தில் ஒரே இடத்தில் முனை ரப்பரில் உரசுகிறது, எதிர்ப்பக்கம் வரும்போது இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விழுகிறது. குனிந்து பார்த்தால் ரிம்மின் உள்விளிம்பு நெளிந்திருக்கிறது, வெளியே நின்று பார்த்தால் தெரியவே தெரியாது.

கிரீஸ்கை:
சரி, ஆக்சிலை மாற்ற வேண்டாம். ஆனால் டயரையும் உடனே குறை சொல்லாதீர்கள், அதைக் கழற்றி வெறும் ரிம்மைச் சுற்றிப் பாருங்கள். இரும்பு ரிம் என்றால் நெளிவு எடுத்துவிடலாம். அலாயில் விரிசல் இருந்தால் வெல்டிங் வைக்கச் சம்மதிக்காதீர்கள், புதிது போடுங்கள். ரிம்மை நெளித்த அடி டயரையும் விட்டிருக்காது, உள்பக்கச் சுவரில் புடைப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், இருந்தால் அந்த டயரில் ஹைவே போகவே கூடாது.