ஜெர்மனியா, ரஷ்யாவா? மாமனாரின் பூர்வீக ஊரைக் கண்டுபிடிக்க உதவுங்கள்

மருமகள்:
அனைவருக்கும் வணக்கம். என் கணவர் அமெரிக்கர். மாமனாருக்கு 81 வயது. கண்ணை மூடுவதற்குள் ஒரு முறையாவது முன்னோர் ஊர் மண்ணை மிதிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அங்கிருந்து எந்த ஊருக்கு அழைத்துப் போவது என்றுதான் தெரியவில்லை.

மாமனாரின் தாத்தா 1892-இல் மனைவியோடு நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் குடியேறினார். வீட்டில் பேசியது ஜெர்மன். "நாங்கள் ஜெர்மானியர்கள்" என்பதைத் தவிர வேறு எதையும் அவர் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. 1900 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிறந்த நாடு ரஷ்யா என்று இருக்கிறது. 1910-இலும் ரஷ்யா, தாய்மொழி ஜெர்மன். 1930-இல் திடீரென்று ஜெர்மனி! தேவாலய அடக்கப் பதிவேட்டில் பிறந்த ஊர் பழைய கையெழுத்தில் 'மோர்க்கா' என்பதுபோலத் தெரிகிறது. ஜெர்மனி வரைபடம் முழுக்கத் தேடியும் அப்படி ஓர் ஊர் இல்லை. குடும்பப் பெயரோ ஜெர்மனியில் தடுக்கி விழுந்தால் ஒருவர் வைத்திருக்கும் பெயர். மூன்று மாதங்களாகத் தேடுகிறேன்.

கப்பல்காரன்:
சகோதரி, ஹாம்பர்க் துறைமுகப் பயணிகள் பட்டியலைப் பார்த்தீர்களா? 1850 முதல் 1934 வரை இருக்கிறது. கடைசியாக வசித்த ஊரையும் எழுதியிருப்பார்கள்.

மருமகள்:
பார்த்தேன், ஐயா. அதே பெயரில் பலர் வருகிறார்கள். எவருக்கும் வயது பொருந்தவில்லை.

ஏடு புரட்டுபவர்:
அவர்கள் பிரேமன் வழியாகப் போயிருக்கலாம். அந்தத் துறைமுகத்தின் பட்டியல்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது; அதை நம்பி இன்னும் மூன்று மாதங்களைச் செலவழிக்காதீர்கள். எனக்கு இரண்டு விவரங்கள் வேண்டும். தாத்தாவின் குடியுரிமைப் பத்திரம் கிடைத்ததா? எந்த மன்னருக்கான விசுவாசத்தைத் துறப்பதாக அதில் எழுதியிருக்கிறது? இன்னொன்று, அந்த வீட்டில் வழிவழியாகச் சமைக்கும் பண்டம் ஏதாவது உண்டா?

மருமகள்:
பத்திரம் இருக்கிறது. ரஷ்யப் பேரரசர் என்று எழுதியிருக்கிறார்கள். எழுத்தர் தவறு செய்துவிட்டார் என்று நினைத்து ஒதுக்கிவைத்திருந்தேன். சமையல் என்றால், முட்டைக்கோசையும் மாட்டிறைச்சியையும் வதக்கி உள்ளே வைத்துச் சுடும் பன் ஒன்றை மாமியார் செய்வார். 'பீரோக்' என்று பெயர். பாட்டியிடம் கற்றதாம்.

ஏடு புரட்டுபவர்:
எழுத்தர் தவறு செய்யவில்லை, அம்மா. உங்கள் ஊர் மோர்க்கா அல்ல, நோர்க்கா. பழைய ஜெர்மன் கையெழுத்தில் பெரிய 'என்' எழுத்தும் 'எம்' எழுத்தும் எளிதில் மயக்கும். நோர்க்கா ரஷ்யாவில், சராத்தோவ் நகருக்குத் தெற்கே, வோல்கா ஆற்றின் மேற்குப் பக்கத்தில் 1767-இல் உருவான ஜெர்மானியக் குடியேற்றம். அந்த ஊர்க்காரர்கள் பலர் லிங்கனில் குடியேறினார்கள். 'பீரோக்' என்பதும் ரஷ்யச் சொல்லான 'பிரோக்'கின் திரிபுதான்.

மாமனாரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள், "நாங்கள் ரஷ்யர்களா?" என்று அவர் கலங்கக் கூடும். கலங்க வேண்டியதில்லை. 1763-இல் பேரரசி இரண்டாம் கேத்தரின் வெளிநாட்டாரைக் குடியேற அழைத்தார். நிலம், வழிபாட்டு உரிமை, படைச்சேவையிலிருந்து விலக்கு என்று வாக்களித்தார். ஏழாண்டுப் போரில் நொந்துபோயிருந்த ஜெர்மானியக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் கிளம்பின. ஜெர்மனியின் லூபெக் துறைமுகத்தில் கப்பலேறி, ரஷ்யாவில் பீட்டர்ஸ்பர்க் அருகே உள்ள ஓரானியன்பாம் போய், அங்கிருந்து மாதக்கணக்கில் பயணம் செய்து வோல்காவை அடைந்தார்கள். நூறாண்டுக்கு மேலாகியும் வீட்டிலும் கோயிலிலும் ஜெர்மன்தான். 1874-இல் கட்டாயப் படைச்சேவை அவர்களுக்கும் வந்தது. அதன் பிறகே அமெரிக்கப் பயணம் தொடங்கியது.

1930-இல் ஏன் ஜெர்மனி என்று சொன்னார்? என் ஊகம் இது: போல்ஷெவிக் புரட்சிக்குப் பின் ரஷ்யா என்று சொல்ல அஞ்சியிருப்பார். அதற்கு முன்பு, முதல் உலகப் போரில் ஜெர்மனி எதிரி நாடானதால், ஜெர்மன் பேசவே அஞ்சவேண்டிய காலமும் இருந்தது. 1919-இல் நெப்ராஸ்காவில், எட்டாம் வகுப்பைத் தாண்டாத பிள்ளைகளுக்கு அயல்மொழி கற்பிக்கக் கூடாதென்று சட்டமே போட்டார்கள். 1923-இல்தான் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அவர் பிள்ளைகளிடம் வாய் திறக்காததில் எனக்கு வியப்பில்லை.

மருமகள்:
படித்துவிட்டு அழுதுவிட்டேன். ஆனால் நாங்கள் போவது ஜெர்மனிக்கு. 1767-க்கு முன்பு அவர்கள் எந்த ஊரில் இருந்தார்கள் என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

ஏடு புரட்டுபவர்:
உண்டு. ஆனால் பின்னாலிருந்து ஒவ்வொரு படியாகப் போக வேண்டும். 1857, 1850, 1834, 1798 ஆகிய ஆண்டுகளின் ரஷ்யக் கணக்கெடுப்புகளைத் தேடுங்கள். 1798 பட்டியலை விட்டுவிடாதீர்கள். மணமான பெண்களின் பிறந்த வீட்டுப் பெயர் அதில் இருப்பதால், ஒரே பெயருள்ள குடும்பங்களைப் பிரித்தறியலாம். அதற்கும் முன்னால், ஓரானியன்பாமில் வந்திறங்கியவர்களை 1766-இல் பதிவு செய்த கூல்பெர்க் பட்டியல்கள் இருக்கின்றன. பெயர், மதம், புறப்பட்ட பகுதி எல்லாம் உண்டு. பல நேரங்களில் கிராமத்தை எழுதாமல் சிற்றரசின் பெயரோடு நிறுத்திவிடுவார்கள் என்பதுதான் சிக்கல். ரஷ்யாவிலிருந்து வந்த ஜெர்மானியர்களுக்கென்று 1968-இல் அமெரிக்காவில் தொடங்கிய வரலாற்றுச் சங்கத்தில் ஊர்வாரியாக ஒருங்கிணைப்பாளர்கள் உண்டு. நோர்க்காவுக்கு உரியவருக்கு முதலில் எழுதுங்கள்.

ஹெஸ்ஸன்வாசி:
சகோதரி, நான் ஃபிராங்க்ஃபர்ட்டில் வசிக்கிறேன். நோர்க்காவின் முதல் குடிகளில் பெரும்பாலோர் சீர்திருத்தத் திருச்சபை என்ற புராட்டஸ்டன்ட் பிரிவினர். பலர் இந்தப் பகுதியில் அப்போது இருந்த இசன்பர்க் சிற்றரசுகளிலிருந்து போனவர்கள். பட்டியலில் இசன்பர்க் என்று வந்தால் பூடிங்கன் என்ற ஊரை நினைவில் வையுங்கள். 1766-இல் ரஷ்யாவுக்குப் புறப்பட்டவர்கள் கூடிய இடம் அது. புறப்படும் முன் 300-க்கும் மேற்பட்ட ஜோடிகள் அங்குள்ள மரியன்கிர்ச்சே தேவாலயத்தில் அவசர அவசரமாகத் திருமணம் செய்துகொண்டார்கள். அந்தத் திருமணப் பதிவுகளில் பல இடங்களில் சொந்தக் கிராமமும் உண்டு. இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான்.

மருமகள்:
ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். ஒருங்கிணைப்பாளர் பதில் அனுப்பினார். 1798-இல் நோர்க்காவில் எங்கள் குடும்பம் இருக்கிறது! கூல்பெர்க் பட்டியலில் கணவன், மனைவி, கைக்குழந்தை. ஊர் இசன்பர்க் என்று மட்டும். குழந்தை இருப்பதால் பூடிங்கன் திருமணங்களில் அவர்கள் இல்லை. கிராமத்தை இன்னும் ஞானஸ்நானப் பதிவேடுகளில் தேட வேண்டும். மாமனார் இரவெல்லாம் தூங்காமல் வோல்காவின் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் பரணிலிருந்து ஒரு தகரப்பெட்டியை இறக்கச் சொன்னார். தாத்தாவுக்கு நோர்க்காவிலிருந்து அவருடைய தம்பி எழுதிய கடிதங்கள். இதுவரை எங்களிடம் காட்டியதே இல்லை. பதினொன்று இருக்கின்றன. கடைசிக் கடிதம் 1933. யாராலும் படிக்க முடியவில்லை.

ஏடு புரட்டுபவர்:
1933 என்றால் அங்கே பஞ்ச காலம். 1941-இல் வோல்கா ஜெர்மானியர்கள் அனைவரையும் சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் நாடுகடத்திவிட்டார்கள். தம்பியின் பிள்ளைகளைத் தேடுவதானால் அந்தப் பக்கம்தான் தேட வேண்டும். கடைசிக் கடிதத்தின் இரு பக்கங்களையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். மடிப்பை அழுத்தி நீவாதீர்கள், தாள் உடைந்துவிடும். இன்று இரவே படித்துச் சொல்கிறேன்.