புதுப்பிப்பு: ஃபோர்க்லிஃப்ட் விபத்தும் குற்ற உணர்வும்

மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் நான் ஃபோர்க்லிஃப்டை (சரக்குத் தூக்கும் வண்டி) ரிவர்ஸ் எடுத்தபோது ஹெல்பர் அண்ணன் ஒருவர் இறந்துபோனார். இந்தக் குற்ற உணர்வோடு எப்படி வாழ்வது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416க்குப் போன் செய்தேன். இலவசம், ராத்திரியிலும் தமிழில் பேசினார்கள். அப்புறம் ஸ்டான்லி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு. தூக்கம் மெதுவாகத் திரும்பியது.

ஆனால் என்னை எழுந்து நிற்க வைத்தது, "மன்னிப்புக் கேட்கப் போகாதே தம்பி, அவங்களுக்கு என்ன வேணும்னு கேட்கப் போ" என்று ஒரு அக்கா எழுதியதுதான். வழக்கு இருப்பதால் வக்கீலிடம் கேட்டுவிட்டு, யூனியன்காரர் ஒருவரோடு தண்டையார்பேட்டையில் இறந்துபோன அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அண்ணனுடைய தம்பிதான் வெளியே வந்து பேசினார். கான்ட்ராக்ட் ஆளுக்கு இழப்பீடு கிடையாது என்று யார்டில் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அது பொய். வேலையில் இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு என்பது 1923இலேயே சட்டமாக வந்தது. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் அது உண்டு. இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால் அதன் வழியாகக் கேட்க வேண்டும், இல்லையென்றால் தொழிலாளர் துறையில் மனு. காலக்கெடு இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள்.

மனு போட்டாயிற்று. அன்று அவர் டியூட்டியில்தான் இருந்தார் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

எதிர்பாராதது ஒன்று: தூக்கம் வந்த பிறகும், ரிவர்ஸ் அலாரம் கேட்டால் கை நடுங்குகிறது. டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போதைக்கு வண்டி ஓட்டவில்லை, டேலி (சரக்கு எண்ணிக்கைக் கணக்கு) எழுதுகிறேன்.