அம்மாவின் டிரேஸ்டுகெதர் கருவி

குடும்பக் குழு, சிங்கப்பூர், 3 பிப்ரவரி 2021

மீனா: மாமா, அம்மா ஈரச்சந்தைக்குப் போகும்போது, கொவிட் தொற்றியவருக்கு அருகில் இருந்தவர்களைக் கண்டறியும் டிரேஸ்டுகெதர் கருவியை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டுப் போகிறார். அதன் தகவலைக் காவல்துறையும் பெறலாம் என்று ஜனவரி 4ஆம் தேதி நாடாளுமன்றத்தில் சொன்னதிலிருந்து, தாம் போகுமிடமெல்லாம் யாரோ கண்காணிப்பதாக நினைக்கிறார்.

ரவி மாமா: அக்கா எங்கே போகிறார் என்பது அந்தக் கருவிக்கே தெரியாது, மீனா. அதில் ஜிபிஎஸ் இல்லை. அருகில் வரும் இன்னொரு கருவியோடோ கைப்பேசியிலுள்ள டிரேஸ்டுகெதர் செயலியோடோ, அடிக்கடி மாறும் அடையாள எண்ணைப் புளூடூத் வழியாகப் பரிமாறிக்கொள்கிறது, அவ்வளவுதான். 25 நாள் கழிந்ததும் பதிவு தானாக அழிந்துவிடும். அதற்குள் தொற்று உறுதியானால்தான் அது சுகாதார அமைச்சுக்குப் போகும்.

குமரன்: கருவியைப் பற்றி நீங்கள் சொல்வது சரிதான், மாமா. ஆனால் பெரியம்மாவின் மனக்குறை வேறு. தொடர்புகளின் தடமறிய மட்டுமே இது பயன்படும் என்று சென்ற ஆண்டு ஜூனில் அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் சொன்னார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் காவல்துறையும் கேட்டுப் பெறலாம் என்பது நமக்குத் தெரியவந்தபோது செயலி வெளிவந்து ஒன்பது மாதம் தாண்டிவிட்டது.

ரவி மாமா: ஒரு கொலை வழக்கு விசாரணைக்குத்தானே கேட்டார்கள்? அதைப் போய்க் குறை சொல்லலாமா?

குமரன்: கேட்டதைக் குறை சொல்லவில்லை, மாமா; முன்பே சொல்லாததைத்தான் சொல்கிறேன். சந்திக்கும் இருவரிடமும் இயங்கினால்தான் இந்த ஏற்பாடு பலன் தரும். பெரியம்மா கருவியை வீட்டில் வைத்துவிட்டுப் போனால், மீன்கடையில் அவருக்குப் பக்கத்தில் நின்றவருக்குத் தொற்று வந்தாலும் பெரியம்மாவுக்குத் தகவல் வராது. நம்பிக்கை போனால் தொழில்நுட்பம் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

மீனா: நேற்று நிறைவேறிய சட்டம் இதைச் சரிசெய்கிறதா, குமரன்?

குமரன்: பெருமளவு சரிசெய்கிறது, அக்கா. கொலை, பயங்கரவாதம், ஆள்கடத்தல், கடுமையான பாலியல் குற்றம் உட்பட 7 வகைக் குற்றங்களை விசாரிக்க மட்டுமே இனி காவல்துறை இந்தத் தகவலைக் கேட்கலாம்; வேறெதற்குப் பயன்படுத்தினாலும் 20,000 வெள்ளி வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ உண்டு. கொள்ளைநோய் முடிந்ததும் திரட்டிய தரவை அழிக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். இந்தச் சட்டத்தை முதல் நாளிலேயே கொண்டுவந்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ரவி மாமா: அது நியாயமான பேச்சு. அக்காவை யாரும் அதட்ட வேண்டாம், நான் மாலையில் வந்து பொறுமையாக எடுத்துச் சொல்கிறேன்.

மீனா: இப்போதே படித்துக் காட்டிவிட்டேன், மாமா. சட்டம் இருக்கிறதென்றால் எடுத்துப்போகிறேன் என்கிறார். ஆனால் எல்லாம் முடிந்ததும் உண்மையிலேயே அழித்தார்களா என்று குமரன்தான் விசாரித்துச் சொல்ல வேண்டுமாம்.