கோத்தகிரியிலிருந்து கேட்கிறேன்: மலை வேட்டைக்கு எத்தனை கிலோ துப்பாக்கி?

மேட்டுத்தெரு பையன்:
அண்ணன்மாரே, அக்காமாரே, அவசரம். நியூசிலாந்து போய் எட்டு மாதம் ஆகிறது. தங்கை கல்யாணத்துக்காக இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். ஞாயிறு இரவு கோவையில் விமானம். பண்ணையில் கூட வேலை பார்ப்பவர்கள் ஜூனில் மலை வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாலு நாள் நடையாம். கடையில் இரண்டு துப்பாக்கி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2.3 கிலோ, இன்னொன்று 2.9 கிலோ. லேசானதன் விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. திங்கள் வரைதான் எடுத்து வைப்பாராம். நான் ஒல்லி, முட்டியும் கொஞ்சம் தகராறு. எது வாங்குவது? அம்மாவுக்கு விஷயம் இன்னும் தெரியாது.

குன்னூர் பழசு:
தம்பி, துப்பாக்கியை விடு. முதல் குளிர்காலத்தைத் தாண்டினாயா? நான் நியூசிலாந்து வந்த வருடம், ஜூலைக் குளிரில் வீட்டுக்குள்ளேயே மூச்சு புகையாக வந்தது. குன்னூர்க்காரன், குளிர் எனக்குப் புதிதா என்று மார்தட்டி வந்தவன், சமையலறையில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தேன். முதலில் நல்ல ஹீட்டர் வாங்கு. ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்றும் வாங்கு. துப்பாக்கி அடுத்த வருடம்.

கொடை மூடுபனி:
கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். லேசானதுதான், கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். என் முதல் நடையில் நண்பர் கொடுத்தது எல்லாம் சேர்த்து ஐந்து கிலோ. இரண்டாம் நாள் தோள்வார் பதிந்த இடம் கன்றிப்போய்விட்டது. ஆட்டைப் பார்த்தபோது சுடவேண்டும் என்ற ஆசையே இல்லை. உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

லவ்டேல்:
நான் நேர் எதிர். லேசான துப்பாக்கி தூக்க நன்றாக இருக்கும், சுடத்தான் ஆகாது. ஏறி முடித்து மூச்சு வாங்கும்போது முனை கோழித்தலை மாதிரி ஆடும். சுட்டதும் தோளில் விழும் உதையும் அதிகம். மெல்லிய பேரல் (குழல்) இரண்டு மூன்று தோட்டாவிலேயே சூடாகிவிடும், குறி பார்க்கப் பழகும்போது நொடிக்கொரு தரம் ஆறவிட்டு உட்கார வேண்டும். நான் நாலரை கிலோ தூக்குகிறேன், இன்னும் சாகவில்லை.

கொடை மூடுபனி:
நீங்கள் ஜீப்பில் போய் இறங்குகிறவர் அண்ணா.

லவ்டேல்:
ஒரே ஒரு தடவை.

ஊட்டி ஓய்வு:
வயது 71, உள்ளூரிலேயே இருப்பவன். மன்னிக்க வேண்டும், வயிறு எரிகிறது. வரையாடு நம் மாநில விலங்கு. முக்கூர்த்தி தேசியப் பூங்காவில் அதைக் காப்பாற்ற எத்தனை பேர் பாடுபடுகிறார்கள்! 1879-லேயே நீலகிரிக்கு வேட்டைச் சட்டம் வந்தது, வெள்ளைக்காரன் சுட்டுத் தீர்த்துவிட்டதால். நம் பிள்ளை அங்கே போய் ஆட்டைச் சுட எடை கேட்கிறான்.

குன்னூர் பழசு:
ஐயா, தம்பி எந்த விலங்கு என்றே சொல்லவில்லையே.

மேட்டுத்தெரு பையன்:
தார் என்கிறார்கள் ஐயா. இமயமலைத் தார், ஒரு காட்டு ஆடு. தோட்டா .308 ரகம்.

கீழ்க்கோத்தகிரி அக்கா:
ஐயா கோபம் நியாயம்தான், ஆனால் அது வேறு ஆடு. 1904-இல் நியூசிலாந்தின் மவுண்ட் குக் மலைப் பக்கம் கொண்டுபோய் விட்டவை. அங்கே புலி, சிறுத்தை கிடையாது. பெருகி மலைப்புல்லை மொட்டையடிக்கின்றன, அதனால் எண்ணிக்கையைக் குறைக்க அரசே சுடுகிறது. நம் வரையாட்டையும் அதையும் ஒரே இனக்குழுவில் வைத்திருந்தார்கள். 2005-இல் மரபணு பார்த்து நம்முடையதைத் தனியாகப் பிரித்துவிட்டார்கள். நம்முடையது செம்மறிக்குத்தான் நெருக்கமாம்.

கொடை மூடுபனி:
செம்மறி என்றதும் ஞாபகம். நியூசிலாந்தில் கறிவேப்பிலை விற்கும் விலைக்கு நான் மட்டனே வாங்கிவிடுவேன். பத்து இலை, அதில் மூன்று கருப்பு.

லவ்டேல்:
கறிவேப்பிலையை விடுங்கள். லீவுக்கு ஊருக்கு வந்தால் மேட்டுப்பாளையத்திலேயே பாதி நாள் போகிறது. சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தும் கல்லாறில் வண்டி நகரவில்லை. என் ஊருக்கு நான் போக ஐந்து மணி நேரம்.

குன்னூர் பழசு:
பர்லியாறு வளைவில் மூன்று பஸ் ஒன்றாக நின்றால் கேட்கவே வேண்டாம். ஒருவன் இறங்கிக் குரங்குக்குச் சிப்ஸ் கொடுக்கிறான்.

கீழ்க்கோத்தகிரி அக்கா:
சரி, போதும். தம்பிக்கு ஞாயிறு விமானம். தம்பி, லைசென்ஸ் அட்டை கையில் இருக்கிறதா?

மேட்டுத்தெரு பையன்:
தேர்வு பாஸ் அக்கா. நேர்காணலும் முடிந்தது. அட்டை இன்னும் வரவில்லை.

கீழ்க்கோத்தகிரி அக்கா:
இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டாமா! அட்டை இல்லாமல் கடைக்காரர் துப்பாக்கியைக் கொடுக்கவே முடியாது. வாங்கினாலும், 2023 ஜூனில் தொடங்கிய பதிவேட்டில் உன் பெயரில் ஏற்ற வேண்டும். வீட்டில் பூட்டி வைக்க இடம், தோட்டாவுக்குத் தனி இடம் எல்லாம் வேண்டும். ஆக, திங்கள் கெடு உனக்கில்லை. ஜூனுக்குள் அட்டை வராவிட்டால், லைசென்ஸ் உள்ள நண்பர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ள, அவருடையதில் சுடலாம். அரசு மலைகளுக்கு இணையத்திலேயே வேட்டை அனுமதி தருவார்கள், காசு இல்லை. அது நண்பருடைய பொறுப்பு என்று விட்டுவிடாதே.

இப்போது எடை. கடைக்காரர் சொன்ன 2.9 வெறும் துப்பாக்கி. குறி பார்க்கும் தொலைநோக்கி, அதாவது ஸ்கோப், 450 கிராம், அதைப் பிடிக்கும் வளையம் 100, சைலன்சர் 350, தோள்வார் 150, நாலு தோட்டா 100. கூட்டினால் நாலு கிலோவைத் தொட்டுவிடும். இதே சாமான்களோடு 2.3 என்பது 3.4 சொச்சம். வித்தியாசம் 600 கிராம், அரை லிட்டர் பாட்டில் தண்ணீருக்குக் கொஞ்சம் மேல். ஒரே தோட்டாவுக்கு லேசானது ஆறில் ஒரு பங்கு அதிகமாக உதைக்கும். சைலன்சர் கொஞ்சம் அடக்கும், ஆனால் புதிதாகச் சுடுகிறவன் உதைக்குப் பயந்து கண்ணை மூடினால் அந்தப் பழக்கம் லேசில் போகாது.

வீட்டில் உலக்கை இருக்கிறதா? கொழுந்து எடை போடும் தராசில் போட்டுப் பார். தோளில் வைத்துத் தேயிலைத் தோட்டத்து ரோட்டில் ஒரு மணி நேரம் ஏறு. மேலே போய் நடுவில் பிடித்துத் தோளில் சாய்த்து ஏதாவதொரு தண்ணீர் டேங்கைக் குறி பார். காட்டுக்குள் மட்டும் தூக்கிக்கொண்டு போகாதே. தூரத்திலிருந்து பார்க்கும் வனக்காவலருக்கு அது உலக்கையாகத் தெரியாது.

குன்னூர் பழசு:
ஹா ஹா. ஹீட்டரும் வாங்கு தம்பி.

மேட்டுத்தெரு பையன்:
பார்த்துவிட்டேன் அக்கா. பாட்டியின் உலக்கை 3.4 கிலோ, அப்படியே லேசான துப்பாக்கியின் எடை. முதல் நடை அதோடு. இரண்டாவது நடைக்கு 600 கிராம் உருளைக்கிழங்கைத் துணியில் சுற்றி நடுவில் கட்டினேன். ஏறும்போது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முட்டி வலித்தது முதுகுப்பையால்தான். மேலே நின்று குறி பார்த்தபோது வெறும் உலக்கை டேங்கை விட்டு வேப்பமரம் வரைக்கும் ஆடியது, கிழங்கு கட்டியது டேங்கிலேயே நின்றது.

கொடை மூடுபனி:
கோத்தகிரியில் வேப்பமரமா?

மேட்டுத்தெரு பையன்:
சில்வர் ஓக் அண்ணா. பதற்றம்.

கொடை மூடுபனி:
நான் இன்னும் லேசானது கட்சிதான். நாலாம் நாள் பேசிக்கொள்ளலாம்.

கீழ்க்கோத்தகிரி அக்கா:
நாலாம் நாளுக்குப் பையைக் குறை. மிச்சமாகும் காசில் நல்ல பூட்ஸும் இரண்டு பெட்டி தோட்டாவும் வாங்கிச் சுட்டுப் பழகு. வேட்டை கிடைத்தால் இறங்கும்போது இறைச்சியும் முதுகில் ஏறும், அப்போது 600 கிராம் ஞாபகமே வராது.

கடைசியாக ஒன்று. வேட்டைக்குக் கொண்டுபோகும் பையை ஊருக்கு வரும்போது எடுத்து வராதே. ஏதோ ஒரு ஜிப்பில் ஒற்றைத் தோட்டா கிடந்தாலும் இங்கே விமான நிலையத்தில் ஆயுதச் சட்டத்தில் வழக்காகிவிடும். என் சொந்தக்காரப் பையன் விமானத்தை விட்டுவிட்டு ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தான்.

மேட்டுத்தெரு பையன்:
2.9 எடுக்கிறேன், அட்டை வந்ததும் வருகிறேன் என்று கடைக்காரருக்கு எழுதிவிட்டேன். அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது, உலக்கையோடு ரோட்டில் நடந்ததை யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள். திட்டுவார் என்று நினைத்தேன். "நாலு கிலோவுக்கா இத்தனை பேரைக் கேட்டாய்? நான் கொழுந்து சாக்கு இருபது கிலோ தலையில் வைத்து இறங்கினவள்" என்கிறார். உருளைக்கிழங்கைத் திருப்பிக் கேட்கிறார், சாயங்காலம் போண்டாவாம்.