கோடை மழைக்கு நடுவே உருளைக்கிழங்கை எப்போது தோண்டுவது?

கேள்வி – கோத்தகிரி

அனைவருக்கும் வணக்கம். வீட்டின் பின்புறத் தோட்டத்தில் நீர்ப்போகமாக (பாசனத்தை நம்பிய பருவப் பயிராக) பிப்ரவரியில் நட்ட உருளைச் செடிகளில், மே நடுவிலேயே கீழ் இலைகள் பழுக்கத் தொடங்கிவிட்டன. ஓரத்துச் செடி ஒன்றைத் தோண்டிப் பார்த்ததில் கிழங்கு நன்றாகத் திரண்டிருந்தது; ஆனால் கட்டைவிரலால் தேய்த்தால் தோல் சுருண்டு வந்துவிடுகிறது. மாலைதோறும் பெய்யும் கோடை மழையால் பாத்தியில் ஈரம் வற்றவில்லை. தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே முழுவதையும் எடுத்துவிடலாமா? பக்கத்துப் பாத்திகளில் பூண்டும் பீன்ஸும் பறிக்கும் பக்குவத்தில் இருக்கின்றன.

பதில் – உதகை

தோல் உரிகிறது என்றால் கிழங்கு இன்னும் முற்றவில்லை. இப்போதே எடுத்தால் சமையலுக்கு ஆகும், சேமிப்புக்கு நிற்காது. தண்டுகளைத் தரைமட்டத்தில் அறுத்துவிட்டு, பத்து முதல் பதினைந்து நாட்கள் கிழங்கை மண்ணுக்குள்ளேயே விட்டுவையுங்கள். மேற்செடி இல்லாதபோது தோல் தானாகவே இறுகிவிடும். அதற்குமேல் ஈர மண்ணில் விட்டால், தோலில் உள்ள மூச்சுத்துளைகள் வெள்ளைப் புள்ளிகளாகப் புடைத்து, அவற்றின் வழியே அழுகல் நுழையும்.

அறுப்பதற்கு முன் காலையில் இலைகளைத் திருப்பிப் பாருங்கள். கருந்திட்டின் விளிம்பில், இலையின் அடிப்பக்கத்தில், மெல்லிய வெண்பூச்சு தெரிந்தால் அது பின்கருகல் நோய்; மழைநீரோடு அதன் வித்துகள் மண்ணில் இறங்கிக் கிழங்கைத் தொற்றும் என்பதால், நாள் கடத்தாமல் அன்றே தண்டை அறுத்து அகற்றிவிடுவது நல்லது. தோண்டிய கிழங்கைக் கழுவாமல் நிழலில் உலர்த்தி, இருட்டான இடத்தில் வையுங்கள். பச்சை பாய்ந்த கிழங்கில் சோலனைன் என்னும் நஞ்சு கூடியிருக்கும். அதைச் சமைக்க வேண்டாம்.

பதில் – பூம்பாறை, கொடைக்கானல்

பூண்டை முதலில் எடுங்கள். தாள் முழுவதும் காயும்வரை ஈரத்தில் விட்டால் மேலுறை கிழிந்து பல் பிரிந்துவிடும். எங்கள் பக்கத்தில் தாளோடு பிடியாகக் கட்டி, அடுப்புப் புகை படும் பரணில் தொங்கவிடுவது வழக்கம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்கு இந்தப் புகையும் ஒரு காரணம். பீன்ஸை ஒருநாள் விட்டு ஒருநாள் பறியுங்கள். காய் முற்றினால் செடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும்.

பதில் – குன்னூர்

விதைக்கிழங்கு எடுத்து வைப்பதாக இருந்தால் வேரையும் பார்த்துவிடுங்கள். நீலகிரியில் 1961-இல் கண்டறியப்பட்ட, உருளையின் வேரைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு, அரை மில்லிமீட்டர் அளவில் வெண்மையாகவோ மஞ்சளாகவோ மணிமணியாக வேரில் ஒட்டியிருக்கும். முதிர்ந்தபின் பழுப்பாகி மண்ணில் உதிர்ந்து பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். அது தென்பட்டால் அந்தக் கிழங்கை விதைக்கு யாருக்கும் கொடுக்காதீர்கள். அதே பாத்தியில் சில ஆண்டுகளுக்குக் கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ் என்று மாற்றிப் பயிரிடுவதே சரி.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. வேர் சுத்தமாக இருக்கிறது. ஆனால் சில இலைகளின் அடியில் வெண்பூச்சு இருந்ததால் இன்று காலையே தண்டுகளை அறுத்துவிட்டேன். இவற்றை உரக்குழியில் போடலாமா?

பதில் – உதகை

திறந்த குவியலாகப் போட வேண்டாம். அருகில் கார்போகத்துக்கு (மழைப் பருவப் பயிராக) நட்ட இளஞ்செடிகள் இருக்கும் காலம் இது. ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். தோண்டும்போது கிடைக்கும் அழுகல் கிழங்குகளையும் உரக்குழியில் சேர்க்காதீர்கள். அவை முளைத்தால் நோயும் கூடவே முளைக்கும்.